பெயரும் உருவமும்: அஞ்சல்தலைகளில் போர் நினைவுச்சின்னங்கள்

1966ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் கோலாலம்பூர் ஏரிப் பூங்காவின் அருகே மாமன்னர் தேசிய நினைவுச்சின்னத்தைத் திறந்து வைத்தார். அதே நாளில் நாடெங்கும் அஞ்சலகங்களில் 10 காசு, 20 காசு மதிப்புள்ள இரண்டு அஞ்சல்தலைகள் விற்பனைக்கு வந்தன. இரண்டிலும் அந்நினைவுச்சின்னமே படம். தலைநகருக்குச் சென்று சிலையை நேரிற் கண்டோர் சிலர். கடிதத்தின் மூலையில் கண்டோர் பலர். உள்நாட்டுத் தோட்டங்களின் லயத்து வீடுகளில் இருந்தோருக்கு முதலில் வந்து சேர்ந்தது கடிதத்தின் மேல் ஒட்டிய சிலைதான்.

சிலையின் உயரம் 15.54 மீட்டர். அஞ்சல்தலையோ கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிது. அத்துணைப் பெரியதை இத்துணைச் சிறியதாக்கும்போது எது எஞ்சுகிறது, எது உதிர்ந்து போகிறது என்பது ஆராயத் தக்க வினா. அஞ்சல்தலை சேகரிப்போர் அச்சுப் பிழையையும் பற்களின் எண்ணிக்கையையும் காகிதத்தின் நீர்க்குறியையும் நுணுகி நோக்குவர். படம் சொல்லும் பொருளை அந்த அளவு நோக்குவோர் குறைவு. ஓவியத்தையும் சிலையையும் போல அஞ்சல்தலையும் திறனாய்வுக்கு உரியதே. சொல்லப்போனால், அவற்றைவிட இதற்கே அது மிகுதியும் வேண்டும். ஓவியத்தைக் காண விரும்புவோர் அதனைத் தேடிச் செல்வர். அஞ்சல்தலை கேளாமலே வீட்டிற்குள் வந்துவிடுகிறது.

‘தலை’ என்னும் சொல்லையே சற்று எண்ணிப் பார்க்கலாம். 1840இல் பிரிட்டனில் வெளிவந்த முதல் அஞ்சல்தலையில் இருந்தது விக்டோரியா அரசியின் தலை. மலாய் மாநிலங்களின் பழைய அஞ்சல்தலைகளில் மன்னர் தலையும் சுல்தான்களின் தலையும் இருந்தன. தமிழ்ச் சொல் அக்காட்சியிலிருந்து பிறந்தது போலும். மன்னர் தலைக்கு உரிய அவ்விடத்தில் மாண்ட வீரரின் நினைவை வைப்பது சிறு மாற்றமன்று. ஆளும் ஒருவர் இருந்த இடம் உயிர் நீத்த பலருக்கு வழங்கப்படுகிறது. ஆனால் பலரை ஓர் உருவத்துக்குள் அடக்குவது எப்படி? இந்த இடத்திலேதான் அஞ்சல்தலை ஓவியர் பெரும்பாலும் இடறுகின்றனர்.

பழந்தமிழர் நட்ட நடுகல்லை இதற்கு அளவுகோலாகக் கொள்ளலாம். கல்லைத் தேர்ந்து காண்பதிலிருந்து வாழ்த்துவது வரை அதன் நிலைகளைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வரிசைப்படுத்துகிறது. வீழ்ந்தவனின் பெயரும் அவன் செய்த செயலும் கல்லில் எழுதப்பட்டதைச் சங்கப் பாடல்கள் குறிக்கின்றன. ஆக, உருவம், இடம், பெயர் ஆகிய மூன்றும் கூடியதே முழுமையான நினைவுக்கல். அஞ்சல்தலைக்கு வரும்போது இடம் முதலில் கழிகிறது; கடிதம் எங்கும் செல்வது அன்றோ! அடுத்துக் கழிவது பெயர். உருவம் மட்டும் தங்குகிறது. அதுவும் வெளிக்கோடாகத் தங்குகிறது.

இடம் கழிந்ததற்கு ஆஸ்திரேலியா 1935இல் வெளியிட்ட 2 பென்னி, 1 ஷில்லிங் அஞ்சல்தலைகள் நல்ல சான்று. கலிப்போலியில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் கரையிறங்கிய இருபதாம் ஆண்டு நிறைவுக்காக அவை வெளிவந்தன. அவற்றில் இடம்பெற்றதோ இலண்டன் வைட்ஹால் தெருவிலுள்ள செனோடாப். லட்யென்ஸ் வடித்த அந்த வெற்றுக் கல்லறை 1920 நவம்பர் 11இல் திறக்கப்பட்டது. மனித உருவம் எதுவுமின்றி, சமயக் குறி எதுவுமின்றி நிற்கும் அது சிறந்த படைப்பு என்பதில் ஐயமில்லை. எந்த நாட்டு வீரனுக்கும் பொருந்தும் என்று கருதி அதனைத் தேர்ந்திருக்கலாம். ஆயினும் 1934 நவம்பரிலேயே மெல்பர்னில் நினைவாலயமும் சிட்னி ஹைட் பூங்காவில் ஆன்சாக் நினைவகமும் திறக்கப்பட்டுவிட்டன. மகனை இழந்த தாய் ரயிலேறிப் போய் மலர் வைக்கக்கூடிய இடங்கள் அவை. அவற்றை விட்டு, கப்பலேறினும் பல வாரம் செல்லும் தொலைவிலுள்ள கல்லை அவள் கடிதத்தில் ஒட்டச் செய்தனர். ‘எவருக்கும் பொருந்தும்’ என்பது நடைமுறையில் ‘எவருடையதும் அன்று’ என்று ஆகிவிடுகிறது.

இக்குறையை அந்நாடு பின்னர் உணர்ந்தது என்றே தோன்றுகிறது. 1958இல் வெளிவந்த இரண்டு 5½ பென்னி அஞ்சல்தலைகளில் கன்பராவின் போர் நினைவகம் இடம்பெற்றது. ஒன்றில் தரைப்படை வீரனும் படைப்பணிப் பெண்ணும் நிற்கின்றனர். மற்றொன்றில் கடற்படை வீரனும் விமானப் படை வீரனும் நிற்கின்றனர். நினைவகத்தின் நினைவு மண்டபச் சுவர்களிலும் இந்த நால்வகையினரே வண்ணச் சில்லுகளால் தீட்டப்பட்டுள்ளனர். அச்சுவரோவியத்தைப் படைத்த நேப்பியர் வாலர் முதல் உலகப் போரில் வலக்கையை இழந்து, பின் இடக்கையால் வரையப் பழகியவர். இரண்டு அஞ்சல்தலைகளும் ஒரே தாளில் அடுத்தடுத்து அச்சிடப்பட்டன. சேர்த்து வாங்கினால் நால்வரும் ஒன்றாக நிற்பர். ஒன்றை மட்டும் கிழித்து ஒட்டினால் இருவர் பிரிந்து போவர். திட்டமிட்டுச் செய்ததோ இல்லையோ, போருக்குச் சென்ற குடும்பங்கள் நன்கறிந்த ஒரு செய்தியை அந்தப் பல்வரிசை சொல்லிவிடுகிறது.

கனடாவின் 1939ஆம் ஆண்டு அஞ்சல்தலை வேறு வகையானது. ஆறாம் ஜார்ஜ் மன்னரும் அரசியும் கனடாவுக்கு வந்ததையொட்டி மே 15இல் மூன்று அஞ்சல்தலைகள் வெளியாயின. அவற்றுள் 2 செண்டு தலையில் ஒட்டாவாவின் தேசியப் போர் நினைவுச்சின்னம் காணப்படுகிறது. மன்னர் அச்சின்னத்தைத் திறந்து வைத்ததோ மே 21இல். ஆறு நாள் முன்னதாகவே அஞ்சல்தலை ஊர் சுற்றத் தொடங்கிவிட்டது! வெர்னன் மார்ச் என்னும் சிற்பி தொடங்கி, அவர் 1930இல் மறைந்தபின் உடன்பிறந்தோர் முடித்த படைப்பு அது. 22 வெண்கல உருவங்கள் வளைவு வாயிலினூடே முன்னோக்கி நடக்கின்றன. பீரங்கி இழுப்போர், செவிலியர், குதிரை வீரர் என ஒவ்வொருவரும் தனித்தனி ஆள். அஞ்சல்தலையிலோ அவர்கள் ஒரு கருந்திரளாகிவிடுகின்றனர், வளைவுதான் தெரிகிறது. முடிந்துபோன போருக்கு எழுப்பிய சின்னத்தைத் தாங்கிய அக்கடிதங்கள் வந்து சேர்ந்து நான்கு திங்கள் கழிவதற்குள் அடுத்த போர் தொடங்கிவிட்டது. இதற்கு அஞ்சல்தலை பொறுப்பன்று. ஆனால் மன்னர் வருகைக் கொண்டாட்டத்தில் இறந்தோரின் சின்னத்தைச் சேர்த்துக்கொண்டது பொருந்துமா என்பதைக் கேளாமலிருக்க முடியாது.

ஒரே சின்னத்தை இரண்டு நாடுகள் எப்படிக் கையாண்டன என்பதற்கு விமி சிறந்த பாடம். பிரான்சு நாட்டின் விமி மேட்டில் வால்ட்டர் ஆல்வர்ட் எழுப்பிய கனடிய நினைவுச்சின்னம் 1936 ஜூலை 26இல் திறக்கப்பட்டது. பிரான்சு மண்ணில் மாண்டு, உடல் கிடைக்காத 11,285 கனடிய வீரரின் பெயர்கள் அதன் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வாண்டு பிரான்சு வெளியிட்ட இரண்டு அஞ்சல்தலைகள் இரட்டைத் தூண்களுடன் சின்னத்தைக் காட்டின. பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓர் அரண்மனை வாயிலையோ பாலத்தின் தூணையோ காட்டினாலும் இதே கம்பீரம் கிடைத்திருக்கும். 1968இல் போர்நிறுத்தத்தின் ஐம்பதாம் ஆண்டுக்காகக் கனடா வெளியிட்ட 15 செண்டு அஞ்சல்தலை தூண்களை விட்டுவிட்டது. அடிவாரத்தில் வாளை முறிக்கும் உருவத் தொகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது. முழுமையைச் சிறிதாக்குவதைவிட ஒரு பகுதியைப் பெரிதாக்குவதே மேல் என்று அதனை வரைந்தவர் அறிந்திருந்தார். கண்ணுக்குத் தெரியும் அளவில் மனித உடல் வந்துவிட்டது. அவ்வுடல் செய்யும் செயல் வெற்றி முழக்கமன்று, வாளை முறித்தல். இக்கட்டுரையில் எடுத்துக்கொண்ட சின்னப் படங்களுள் கலை நோக்கில் முதலிடம் இதற்கே தரலாம்.

இனி மிகப் பெரும்புகழ் பெற்ற ஒன்று. 1945 பிப்ரவரி 23இல் இவோ ஜிமாத் தீவின் மலையுச்சியில் அமெரிக்க வீரர் அறுவர் கொடி நாட்டுவதை ஜோ ரோசந்தால் என்பவர் படம் பிடித்தார். அவ்வறுவருள் மூவர் அத்தீவுப் போர் முடியுமுன்னே மாண்டனர். ஜூலை 11இல் அப்படம் பச்சை நிறத்தில் 3 செண்டு அஞ்சல்தலையாகிவிட்டது. உயிரோடிருப்போரை அஞ்சல்தலையில் பொறிப்பதில்லை என்னும் அமெரிக்க மரபு ஓரமாக ஒதுக்கப்பட்டது. விற்றவை 13 கோடிக்கும் மேல். புகைப்படத்தைக் கண்ட சில நாட்களுக்குள் அதனை மாதிரிச் சிற்பமாக வடித்த பீலிக்ஸ் டி வெல்டன், பின்னர் ஆர்லிங்டனில் அதையே பெரும் வெண்கலச் சிலையாக்கினார். அது 1954 நவம்பர் 10இல் திறக்கப்பட்டது. பிற நாடுகளில் சின்னம் அஞ்சல்தலையாயிற்று. இங்கோ அஞ்சல்தலையில் ஊரறிந்த உருவம் பின்னர் சின்னமாயிற்று.

அவ்வுருவத்தை உற்று நோக்கினால் ஒன்று புலப்படும். அதில் முகம் இல்லை. முதுகும் தோளும் நீட்டிய கைகளும் சாய்ந்த கம்பமுமே உள்ளன. முகமின்மையே அதன் ஆற்றல் என்று புகழ்வோர் உண்டு. எவருடைய மகனும் அவனாக இருக்கலாம் என்பர். அதனால் விளைந்தது என்ன? அறுவருள் ஒருவரின் பெயர் தவறு என்று 1947இல் திருத்தினர். 2016இல் மற்றொரு பெயரைத் திருத்தினர். 2019இல் மூன்றாவதாக இன்னொரு பெயரைத் திருத்தினர். 74 ஆண்டுகள்! பல கோடிப் பேர் நாவால் நனைத்து ஒட்டிய உருவம் அது. அதிலுள்ளவர் யார் என்று அத்தனை காலமும் நாடு சரியாக அறிந்திருக்கவில்லை. உருவம் இவ்வளவு வலிமையாக நிற்கும்போது பெயரைத் தேடும் ஆவல் மங்கிவிடுகிறது போலும்.

மலேசிய நினைவுச்சின்னம் இச்சிலையின் வழியில் வந்ததே. 1960இல் அமெரிக்கா சென்ற துங்கு அப்துல் ரகுமான் ஆர்லிங்டன் சிலையைக் கண்டு மனம் கவரப்பெற்றார். டி வெல்டனையே அழைத்துப் பணியை ஒப்படைத்தார். ஏழு வெண்கல உருவங்கள். உச்சியில் ஒருவர் கொடியேந்தி நிற்கிறார். காயமுற்ற தோழனை ஒருவர் தாங்குகிறார். காலடியில் வீழ்ந்த எதிரிகள் கிடக்கின்றனர். ஆர்லிங்டன் சிலையில் மேடையும் கம்பமும் முதுகுகளுமே இருக்க, இங்குக் காயமும் சாவும் சேர்க்கப்பட்டன. அவ்வகையில் கோலாலம்பூர்ச் சிலை மூலத்தைவிட உண்மை மிக்கது எனலாம்.

ஆனால் 1966ஆம் ஆண்டு அஞ்சல்தலையில் கண் எங்கே செல்கிறது? கொடிக்கே செல்கிறது. சிலையை நேரில் காண்பவர் கீழிருந்து மேலே நோக்குவர். முதலில் கண்ணில் படுவது கிடக்கும் உடல்கள், பின் தாங்கும் கை, இறுதியில் கொடி. துன்பத்தைக் கடந்து வெற்றிக்கு ஏறும் ஒழுங்கு அது. அஞ்சல்தலையிலோ எல்லாம் ஒரே நொடியில் கண்ணில் படுவதால் ஏறுவதற்குப் படியே இல்லை. தாங்கப்பட்டவனின் தளர்ந்த உடலைக் காணப் பூதக்கண்ணாடி வேண்டும். வண்ணத்தையோ அச்சையோ குறை சொல்வதற்கில்லை. புதிய நாட்டின் இளமைக்கால அஞ்சல்தலைகளுள் அவை மதிக்கத் தக்கன. ஆயினும் விமியிலிருந்து வாள் முறிக்கும் தொகுதியை மட்டும் எடுத்தது போல், இங்கும் தோழனைத் தாங்கும் இருவரை மட்டும் ஒரு மதிப்பிலும், கொடியேந்தியவரை மற்றொரு மதிப்பிலும் பொறித்திருக்கலாம். இரண்டு தலைகளுக்கும் ஒரே படம் என்றதில் ஒரு நல்வாய்ப்பு வீணாயிற்று.

1975 ஆகஸ்டு 27இல் அச்சிலை குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. பழுது நீக்கி 1977இல் மீண்டும் நிறுத்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் முழுச் சிலையைக் காண விரும்பியவர் பழைய கடித உறையைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. காகிதம் வெண்கலத்தினும் மெல்லியது என்பர். ஆனால் வெண்கலம் ஒன்றே. காகிதமோ பல இலட்சம்.

உருவமே இல்லாத சின்னத்தை அஞ்சல்தலை என்ன செய்யும்? வாஷிங்டனில் 1982இல் திறக்கப்பட்ட வியட்நாம் போர் நினைவுச்சுவரை வரைந்தவர் மாயா லின். அப்போட்டியில் வென்றபோது அவர் 21 வயது மாணவி. கருங்கல்லில் பெயர்களைத் தவிர வேறொன்றும் இல்லை. பதவி வரிசையிலோ அகர வரிசையிலோ அன்றி, இறந்த கால வரிசையில் 58,000க்கு மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒன்றாக மாண்டவர் ஒன்றாகவே நிற்கின்றனர். 1984இல் இதனை 20 செண்டு அஞ்சல்தலையில் பொறித்தனர். 58,000 பெயரை அதில் எழுத இயலாது. ஒன்றை எழுதினால் மற்றவர்க்கு அநீதி. ஆகவே சுவரையும் அதன்முன் நிற்கும் மக்களையும் வரைந்தனர். இது நேர்மையான தோல்வி. பெயரைக் காட்ட முடியாதபோது, பெயரைத் தேடி நிற்பவரையாவது காட்டியது பாராட்டத் தக்கது.

‘அஞ்சல்தலை என்பது அஞ்சல் கட்டணத்துக்கான சீட்டு, அதனிடம் இத்தனையும் எதிர்பார்ப்பது பொருந்தாது’ என்று கூறுவோர் உண்டு. அவர்களுக்கு விடையாக நியூபவுண்ட்லாந்து நிற்கிறது. இன்று கனடாவின் ஒரு பகுதி. 1949 வரை தனிநாடு போல் அஞ்சல்தலை வெளியிட்ட தீவு. அதன் படைப்பிரிவின் சின்னம் கரிபு மான். 1916 ஜூலை 1ஆம் நாள் காலை பிரான்சில் போமோன் ஹாமெல் என்னும் சிற்றூரருகே அப்படைப்பிரிவின் ஏறக்குறைய 800 பேர் பதுங்குகுழியை விட்டு எழுந்து சென்றனர். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள், தோட்டத்துப் பெரட்டில் பெயர் கூப்பிடுவது போல வரிசையில் நிறுத்திக் கூப்பிட்டபோது பதில் சொன்னோர் 68 பேர்.

போர் முடிந்து 1919 ஜனவரியில் அத்தீவு 12 அஞ்சல்தலைகளை வெளியிட்டது. அப்போது கற்சின்னம் எதுவும் எழும்பியிருக்கவில்லை. பன்னிரண்டிலும் கரிபு மானின் படமே உள்ளது. கலை நோக்கில் வியப்பதற்கு ஏதும் இல்லை. ஆனால் எட்டுத் தலைகளில் ‘கரிபுவின் தடம்’ என்னும் தொடருடன் ஒவ்வொரு போர்க்களத்தின் பெயர் எழுதப்பட்டுள்ளது. 1 செண்டில் சுவ்லா விரிகுடா. 4 செண்டில் போமோன் ஹாமெல். 6 செண்டில் மோன்ஷி. 24 செண்டில் கம்ப்ரே. எஞ்சிய நான்கும் கடற்படைக்கு உரியன. அவற்றில் ‘எங்கும்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல் உள்ளது. கடலில் இறந்தவனுக்கு இடப்பெயர் ஏது? விலை ஏற ஏறப் போர்க்களங்களும் மாறுகின்றன. கடைக்குப் போய் 4 செண்டு அஞ்சல்தலை கேட்கும் ஒருவர், கேட்டும் கேளாமலும் அவ்வூர்ப் பெயரைக் கையில் வாங்குகிறார். கரிபுவின் வெண்கலச் சிலை போமோன் ஹாமெலில் எழுந்து, அந்நிலம் நினைவுப் பூங்காவாகத் திறக்கப்பட்டது 1925இல்தான். நடுகல்லின் மூன்று கூறுகளில் ஏனைய நாட்டு அஞ்சல்தலைகள் முதலில் கைவிட்டது இடம். நியூபவுண்ட்லாந்து முதலில் பற்றிக்கொண்டது அதுவே. ஆள் பெயர் எழுத முடியாவிடில் ஊர்ப் பெயராவது எழுதலாம் என்பதற்கு 12 சிறு காகிதத் துண்டுகளே போதிய சான்று.

இந்த வினா மலேசியத் தமிழருக்கு வெறும் கலை வினா அன்று. 1942இலும் 1943இலும் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளர் பல்லாயிரவர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையின் ஓரத்தில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மாண்டோர் தொகை இன்றும் மதிப்பீடாகவே உள்ளது. நேச நாட்டுப் போர்க்கைதிகளுள் அங்கு மாண்டோருக்குக் காஞ்சனபுரியின் பெரிய கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் உள. பெயர் தெரிந்தவனுக்குப் பெயருடன் கல் உண்டு. தோட்டத்துச் செக்ரோலில் நாள்தோறும் எழுதப்பட்ட பெயர்களோ பெரும்பாலும் எந்தக் கல்லிலும் ஏறவில்லை. போர் நினைவுச்சின்னம் என்றவுடன் சீருடையும் துப்பாக்கியும் கொடியும் மனத்தில் எழுவதற்கு அஞ்சல்தலைகளும் ஒரு காரணம். மண்வெட்டியும் கூடையும் ஏந்திச் செத்தவர் அந்த வெளிக்கோட்டுக்குள் வருவதில்லை. அவர்களுக்கென ஓர் அஞ்சல்தலை வரையப்பட்டால் அதில் சிலை வேண்டியதில்லை. நியூபவுண்ட்லாந்து காட்டிய வழியில் ரயில் பாதையின் முகாம்களின் பெயர்களை எழுதினாலே போதும்.

பள்ளிகளில் அஞ்சல்தலைத் தொகுப்பு வைத்திருக்கும் ஆசிரியர்கள் ஓர் ஒப்பீட்டை எளிதில் செய்து பார்க்கலாம். நியூபவுண்ட்லாந்து 1928இல் மற்றொரு வரிசை வெளியிட்டது. அதில் 10 செண்டு தலை, செயின்ட் ஜான்ஸ் நகரில் 1924இல் திறக்கப்பட்ட போர் நினைவுச்சின்னத்தைக் காட்டுகிறது. உச்சியில் தீவட்டி ஏந்திய பெண்; கீழே கடற்படை வீரன், தரைப்படை வீரன், மீனவன், மரம் வெட்டுவோன். நல்ல சிற்பம், நல்ல அச்சு. 1919இன் 4 செண்டையும் 1928இன் 10 செண்டையும் ஒரே மேசையில் அருகருகே வைத்தால், பெரும்பாலான கண்கள் சிலை உள்ளதையே அழகென்று முதலில் எடுக்கும். மானின் அருகே எழுதியுள்ள ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தவுடன், அது எங்கே இருக்கிறது என்று உலகப் படத்தில் தேடத் தொடங்கும்.